வீட்டுக்குள்ளே ஒரு வேந்தன்

ஆண்பிள்ளைச் சிங்கம் என்கிறார்கள். அடக்கியாளத் தெரிந்தவன் என்கிறார்கள். அவன் குரல் உயர்ந்தால் வீடு அடங்கும், கை உயர்ந்தால் வாய் அடங்கும், கண் சிவந்தால் தொட்டிற் குழந்தையின் அழுகையும் அடங்கும் என்று பெருமை பொங்கப் பேசுகிறார்கள். இந்தப் பெருமைப் பேச்சை ஏதோ ஒரு வைதிகரின் திண்ணையில் பொறுக்கி வந்தேன் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! நம்மோடு கொடி பிடிப்பவர், நம்மோடு உண்டி குலுக்குபவர், தாலி அடிமைச் சின்னம் என்று மேடையேறி முழங்குபவர் வாயிலிருந்தே வந்தது இந்தப் பேச்சு. வந்த இடம் இரத்தக்கண்ணீர் நாடகத்தைப் பற்றிய ஓர் உரையாடல். வியப்புக்கு உரியவனாக அவர் எடுத்துக்கொண்ட ஆள், மோகனசுந்தரம்!

மோகனசுந்தரத்தை அறியாத தமிழர் உண்டா? திருவாரூர் கே. தங்கராசு எழுதி, நடிகவேள் எம். ஆர். இராதா ஊர் ஊராக மேடையேற்றி, 1954-இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் திரைக்கும் வந்த கதை அது. கடல் கடந்து படித்துவிட்டுத் திரும்பிய செல்வச் சீமான். பெற்ற தாயை ஏளனம் செய்கிறான், கட்டிய மனைவி சந்திராவைப் பட்டிக்காடு என்று பழிக்கிறான், காந்தா என்னும் தாசியின் இல்லமே கதியென்று கிடக்கிறான், தொழுநோய் பற்றுகிறது, செல்வம் கரைகிறது, கண் மறைகிறது, காந்தா துரத்துகிறாள், தெருவிலே கையேந்தி நிற்கிறான். இறுதியிலே தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்கு மணமுடித்து வைக்கிறான். தன் அவலக் கோலத்தைச் சிலையாக்கி ஊருக்கு நடுவே நிறுத்தச் சொல்கிறான்.

புரட்சி என்றோம். புதுமை என்றோம். கணவன் உயிரோடிருக்கும்போதே மனைவிக்கு மறுமணம் என்பதை மேடையிலே நடத்திக் காட்ட அன்றைக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்தது! சென்னை மாநில அரசு 1954-இல் கொண்டுவந்த நாடகச் சட்டத்தின் கூர்முனை யாரை நோக்கி நீண்டது என்பதையும் நாடறியும். ஆகவே நடிகவேளின் நெஞ்சுரத்தைக் குறைத்துப் பேசுவதற்காக நான் எழுதுகோலை எடுக்கவில்லை. நான் கேட்பது வேறு. அரங்கிலே நாம் எந்த இடத்திலே சிரித்தோம்? எந்த இடத்திலே கைதட்டினோம்?

தாயை அவன் மட்டந்தட்டும்போது சிரித்தோம். மனைவியை அவன் எள்ளி நகையாடும்போது வயிறு குலுங்கச் சிரித்தோம். ஏனெனில் அந்த ஏளனத்தோடு ஏளனமாக, சாத்திரத்தையும் சடங்கையும் போலி பக்தியையும் கிழித்தெறியும் சொல்லம்புகளும் அதே வாயிலிருந்து பறந்து வந்தன. பகுத்தறிவும் பெண்ணிழிவும் ஒரே நாக்கிலே குடியிருந்தன. நாம் ஒன்றுக்காகத் தட்டிய கை மற்றொன்றுக்கும் சேர்ந்தே ஒலித்தது! மோகன் வில்லன் என்று கதை கூறியது. மோகன்தான் கதாநாயகன் என்று கைதட்டல் கூறியது. எது நிலைத்தது? இன்றைக்கும் எந்த இளைஞனாவது சந்திராவைப் போலப் பேசிக் காட்டுகிறானா? காந்தா என்று இழுத்துக் கூவும் மோகனின் குரலைத்தானே போலி செய்கிறான்!

நம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தால் பழக்கம் என்னும் திரை கண்ணை மறைக்கும். அடுத்தவன் மேடைக்குச் சற்றே போய்வருவோம். கல்லூரியிலே பாடமாகப் படித்த நாளிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருக்கும் அமெரிக்க நாடகம் ஒன்று உண்டு. டென்னசி வில்லியம்ஸ் எழுதியது. ஆசை என்னும் பெயர் கொண்ட டிராம் வண்டி என்பது அதன் தலைப்பு. 1947 டிசம்பர் 3-ஆம் நாள் நியூயார்க்கில் எலியா கசான் இயக்கத்தில் அரங்கேறியது. 855 முறை தொடர்ந்து நடந்தது. 1948-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

களம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஏழை வீதியிலே இரண்டறை வீடு. தலைவன் ஸ்டான்லி கோவால்ஸ்கி, போலந்துக் குடியேறிகளின் வழிவந்தவன், போரிலே படைத்துறையில் பணி செய்தவன், உழைத்துப் பிழைப்பவன். அவன் மனைவி ஸ்டெல்லா, சூல் கொண்டவள். அவளுடைய அக்காள் பிளாஞ்ச், பரம்பரைத் தோட்டமும் மாளிகையும் கடனிலே மூழ்கிப் போக, போக்கிடமின்றித் தங்கை வீட்டுக்கு வருகிறாள். வந்தவள் சும்மா இருக்கிறாளா? பழம்பெருமை பேசுகிறாள். மைத்துனனின் பிறப்பைச் சொல்லி இழிக்கிறாள். அவன் மனிதனே அல்லன், குகையிலிருந்து வந்த விலங்கு என்று தங்கையிடம் தூற்றுகிறாள். அவன் மறைந்து நின்று கேட்டுவிடுகிறான்.

இங்கேதான், தோழர்களே, நம் நெஞ்சம் ஸ்டான்லியின் பக்கம் சாயும். என் நெஞ்சமும் சாயத்தான் செய்தது. பிறப்பைச் சொல்லி இழிப்பவளை எதிர்த்து, நான் இந்த நாட்டின் குடிமகன், என்னை அப்படி அழைக்காதே என்று நிமிர்ந்து நிற்கிறான். இது தன்மானக் குரலல்லவா? நம் குரலல்லவா? பண்ணையார் மகள் ஒருத்தி பாட்டாளி ஒருவனை ஏளனம் செய்தால் நாம் யார் பக்கம் நிற்போம்?

பொறுங்கள். அந்தத் தன்மானக்காரன் வீட்டுக்குள்ளே என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு நிற்போம்.

சீட்டாட்டத்துக்கு இடையூறு என்று வானொலிப் பெட்டியைச் சன்னல் வழியே வீசுகிறான். தடுக்க வந்த சூலியை அடிக்கிறான். போதை தெளிந்ததும் தெருவிலே நின்று அவள் பெயரைச் சொல்லிக் கதறுகிறான். மாடி வீட்டிலே அடைக்கலம் புகுந்திருந்தவள் இறங்கி வந்துவிடுகிறாள். கதறலைக் காதல் என்று உலகமே உருகியது! அடித்த கையை எவரும் கேட்கவில்லை. அழுத கண்ணை எல்லோரும் கண்டார்கள். நம் தெருவில் இந்த நாடகம் நடப்பதில்லையா? இரவிலே அடி, காலையிலே மல்லிகைப்பூ, அடுத்த இரவிலே மறுபடியும் அடி!

மேலும் கேளுங்கள். மனைவியின் குடும்பச் சொத்து என்னவாயிற்று என்று அவன் பெட்டியைக் குடைகிறான். கேட்டால் நெப்போலியன் சட்டம் என்கிறான். மனைவிக்குரியது கணவனுக்கும் உரியது, அவளை ஏமாற்றினால் என்னை ஏமாற்றியதாகும் என்பது அவன் வாதம். பிரெஞ்சு வழிச் சட்ட மரபு கொண்ட லூசியானா மாநிலத்திலே அவன் பேசியது வெறும் வீம்பும் அன்று. குடும்பத்துக்குக் கணவனே தலையும் தலைவனும், இருவர் சொத்தையும் அவன் ஒருவனே ஈடு வைக்கலாம் என்று சட்டமே இருந்தது. அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆண்டு 1981! நாகரிகத்தின் உச்சியிலே இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாட்டிலே அந்தக் கதி. 1929-இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணோடு சம சொத்துரிமை என்று தீர்மானம் போட்டதை இங்கே நினைத்துப் பாருங்கள். அது தமிழ்நாட்டிலே சட்டமாக 1989 வரை அறுபது ஆண்டு பிடித்தது. இந்தியா முழுமைக்கும் 2005 வரை. சட்டமான பிறகும் பாகப் பத்திரத்திலே தங்கைக்கு ஒரு புடவையும் ஒரு கையெழுத்தும் என்று முடித்துக்கொள்ளும் பகுத்தறிவாளர்களை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள்.

பிறந்த நாள் விருந்திலே, பிளாஞ்சும் ஸ்டெல்லாவும் அவன் உண்ணும் முறையைப் பழித்ததும், தட்டையும் கோப்பையையும் தரையிலே அடித்து நொறுக்குகிறான். ஹூயி லாங் சொன்னதை நினைவில் வையுங்கள், ஒவ்வொரு மனிதனும் மன்னன், இந்த வீட்டுக்கு நானே மன்னன் என்று உறுமுகிறான். அந்த ஹூயி லாங் யார்? லூசியானாவின் ஆளுநராக இருந்தவர். செல்வத்தைப் பங்கிடுவோம் என்று பரம ஏழைகளுக்கு நம்பிக்கை ஊட்டியவர். 1935-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஏழையை நிமிர்த்துவதற்காகப் பிறந்த முழக்கம் அது! அதைத் தெருவிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்து, முதலாளியை நோக்கி வீசாமல், சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களின் மேல் வீசினான் ஸ்டான்லி. வில்லியம்ஸ் இந்த நாடகத்திலே கண்டுபிடித்துக் கொடுத்த மாபெரும் உண்மை இதுதான் என்று நான் சொல்வேன். ஊரிலே குடிமகன் என்ற மதிப்புக்காக ஏங்குபவன், வீட்டிலே குடிமக்கள் இல்லாமல் அரசனாக முடியாது என்று கண்டுகொள்கிறான். மேலே இருப்பவன் அவனுக்குத் தந்த இழிவைக் கீழே யாருக்கேனும் இறக்கி வைக்க வேண்டும். யார் இருக்கிறார்கள்? அவள் இருக்கிறாள்.

பிறகு நடப்பதைச் சொல்லவும் நாக் கூசுகிறது. பிளாஞ்சின் கடந்தகாலத்தைத் துருவியெடுத்து, அவளை மணக்க எண்ணியிருந்த நண்பனிடம் சொல்லி அந்த மணத்தைக் குலைக்கிறான். ஒழுக்கங்கெட்டவள் என்ற முத்திரை குத்தியாயிற்று. ஸ்டெல்லா மருத்துவமனையிலே பிள்ளைப்பேற்றுக்குப் போயிருக்கும் இரவிலே, வீட்டில் தனித்திருந்த அந்த அபலையைக் கெடுக்கிறான். கெட்டுப்போனவளுக்கு மறுக்க என்ன உரிமை என்பதுதானே எல்லா நாட்டு ஆணவத்தின் தருக்கமும்! அவள் உண்மையைச் சொன்னபோது தங்கை நம்ப மறுக்கிறாள். நம்பினால் அவனோடு வாழ முடியாதே! நம்பாதே, வாழ்க்கையை நடத்து என்று மாடி வீட்டுக்காரியும் தேற்றுகிறாள். பிளாஞ்ச் மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படுகிறாள். நண்பர்கள் சீட்டாட்டத்தைத் தொடர்கிறார்கள். திரை விழுகிறது.

ஸ்டான்லிக்கு நோய் வந்ததா? கண் போயிற்றா? இடி விழுந்ததா? ஒன்றும் இல்லை! கையிலே பிள்ளை, தோளிலே மனைவி, மேசையிலே சீட்டு. அவன் நன்றாக இருக்கிறான்.

1951-இல் இது திரைப்படமானபோது தணிக்கைக்காரர்களுக்கு இந்த முடிவு பொறுக்கவில்லை. பாவி தண்டனை பெற வேண்டும் என்றார்கள். ஆகவே, இனி இவனிடம் திரும்பேன் என்று ஸ்டெல்லா குழந்தையோடு மாடியேறுவதாக மாற்றினார்கள். நீதி நிலைத்தது என்று பார்த்தவர் நிம்மதியாக வீடு திரும்பினர். மேடையிலே வில்லியம்ஸ் அந்த நிம்மதியைத் தர மறுத்தார். அரங்கை விட்டு வெளியேறுபவன் நெஞ்சிலே முள்ளோடு போகட்டும் என்று விட்டார்.

இப்போது நம் மோகனிடம் திரும்புவோம். அவனுக்குக் கிடைத்த தண்டனை எது? தொழுநோய். யார் கொடுத்தது? ஆண்டவனா? ஊழா? கர்ம வினையா? ஐயா, பகுத்தறிவாளர்களே! கடவுளை மறுக்கும் மேடையிலே கர்மவினை எப்படிக் கதவைத் திறந்துகொண்டு வந்தது? தொழுநோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமி என்று நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873-இலேயே கண்டார். தாசி வீட்டுக்குப் போனதால் வருவதன்று அந்நோய். தாயை இகழ்ந்ததால் வருவதும் அன்று. அது பற்றுகிற ஏழைகளிலே பெரும்பாலோர் எந்தத் தாசியையும் கண்டறியாதவர்கள், எந்த மனைவியையும் கொடுமை செய்யாதவர்கள். மருந்தும் உண்டு, குணமும் உண்டு. ஆனால் பாவத்தின் கூலி என்ற பழி மட்டும் மருந்துக்கு மசிய மறுத்தது. இந்து திருமணச் சட்டம் 1955-இல் வந்தபோது தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணமாக எழுதியது. அந்த எழுத்தை அழிக்க 2019 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தப் பழிக்கு நாமும் மேடை போட்டுக் கொடுத்தோம், நாமும் கைதட்டினோம்.

தீங்கு அதோடு முடியவில்லை. நோயைத் தண்டனையாக்கியதும் கேள்வி மறைந்துபோகிறது. மோகன் உடல் நலத்தோடு, செல்வத்தோடு, அதே ஆணவத்தோடு எழுபது வயது வரை வாழ்ந்திருந்தால் சந்திராவின் கதி என்ன? வாழ்நாள் முழுதும் காத்திருப்பாளா? நாட்டிலே உள்ள மோகன்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொழுநோய் வந்தது? 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவன் கையால் கொடுமை கண்டவர்கள். அந்தக் கைகளிலே எந்தக் கையும் அழுகி விழவில்லை. மறுநாள் காலையிலே அதே கை தேநீர்க் குவளையைப் பிடிக்கிறது; பத்திரிகையைப் புரட்டுகிறது; கூட்டத்திலே உயர்ந்து வாழ்க என்கிறது.

மறுமணத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்னை மாநிலத்திலே மணவிலக்குக்கு வழி செய்த சட்டம் 1949-இலேயே வந்துவிட்டது. படம் வெளிவந்தது 1954-இல். இடைப்பட்ட ஐந்தாண்டிலே சட்டம் திறந்து வைத்த வாயிலைச் சந்திராவுக்குக் காட்டுவார் இல்லை. கணவன் மனமிரங்க வேண்டும், அதற்கு அவன் நோயாளியாக வேண்டும், குருடனாக வேண்டும், பிச்சைக்காரனாக வேண்டும். அதற்குப் பிறகும் அவளை அவன்தான் இன்னொருவனுக்குத் தர வேண்டும்! கொடுப்பவன் ஓர் ஆண், பெறுபவன் ஓர் ஆண், கொடுக்கப்படுவது ஒரு பெண். கன்னிகாதானத்தை எதிர்த்த நாம் இந்தத் தானத்துக்கு என்ன பெயர் வைத்தோம்? சீர்திருத்தம் என்று வைத்தோம்! அவன் விரல் மடங்கிப்போயிற்று, ஆனால் உரிமையாளன் என்ற பிடி மடங்கவில்லை. போகும்போதும் தனக்கொரு சிலை கேட்கிறான். துன்பப்பட்டவள் அவள், சிலை அவனுக்கு!

நான் பணிபுரியும் கொடும்பாளூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயில் இங்கே நிற்கிறது. தன் பெயரால் ஒன்று, கற்றளி, வரகுணை என்னும் தன் இரு மனைவியர் பெயரால் ஒவ்வொன்று என மூன்று விமானங்கள் எழுப்பியதாகக் கல்வெட்டு பேசுகிறது. இரண்டு நிற்கின்றன, மூன்றாவது அடித்தளத்தோடு சரி. குலத்து முன்னோர் வரிசையும், கண்ட களங்களும், கொண்ட வெற்றியும் கல்லிலே இருக்கின்றன. அந்த இருவரும் என்ன நினைத்தார்கள் என்பதற்குக் கல்லிலே இடம் இல்லை. இதே ஊர் வழியாகத்தான் இளங்கோவின் காப்பியத்திலே மதுரைப் பாதை பிரிகிறது. பொருளெல்லாம் தொலைத்துத் திரும்பிய கணவனை ஒரு கேள்வியும் கேளாமல் ஏற்றுச் சிலம்பையும் எடுத்துத் தந்தவள் அந்தப் பாதையிலே கால் கடுக்க நடந்தாள். மன்னனைக் கேட்ட கேள்வியிலே ஒரு பங்கைக் கணவனிடமும் கேட்டிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. தந்தை பெரியார் அந்தக் காப்பியத்தைக் கடுமையாகச் சாடினார். நாமோ கண்ணகிக்குக் கடற்கரையிலே சிலை வைத்தோம். சந்திரா அந்தக் கண்ணகியின் பேர்த்தி. மோகனைத் திட்டிக்கொண்டே சந்திராவின் பொறுமையைப் போற்றிய நாம், அவனுக்கு வேண்டிய அடிமையை அவனுக்காகத் தயார் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

காந்தாவை மட்டும் விட்டுவிடலாமா? கெடுத்தவள் அவளே என்று நாடகம் கை நீட்டுகிறது. பிளாஞ்சின் மேல் நீண்ட அதே கை! பணத்தோடு போனவன் ஏமாந்த அப்பாவியாம். பணத்தை வாங்கியவள் பாதகியாம்! தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி பிறந்தது எங்கள் புதுக்கோட்டையிலே, 1886-இல், அந்தக் குலத்துத் தாயின் வயிற்றிலே. மருத்துவரானார், சென்னைச் சட்டமன்ற மேலவையிலே அமர்ந்தார், அந்த முறையை நிலைநிறுத்திய கைகள் எவை என்று கேட்டார். 1947-இல் ஒழிப்புச் சட்டம் வந்தது. இவ்வளவுக்குப் பின்னும் நம் மேடைக்குக் காந்தாவை ஒரு நச்சுப் பாம்பாகக் காட்டத்தான் தெரிந்தது.

பள்ளியிலே ஒருநாள் பையன்கள் மோகனைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குரல் ஏற்றமும் முக நெளிப்பும் அச்சு அசலாக இருந்தன, வகுப்பே சிரித்தது. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அந்தம்மா அவனை விட்டுட்டு ஏன் முதல்லயே போகலை?” என்றாள். எங்கே போவாள் என்று ஒரு பையன் கேட்டான். “வேலைக்கு” என்றாள் அவள். சிரிப்பு நின்றது. இந்த ஒற்றைச் சொல் அந்த நாடகத்தின் வசனம் முழுவதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

“தோழர், குடும்பத்துக்குள்ளே நுழையாதீர், முதலில் சாதி ஒழியட்டும், சுரண்டல் ஒழியட்டும், பிறகு இதைப் பார்ப்போம்” என்பார் ஒருவர். ஸ்டான்லியும் அதைத்தான் சொல்லியிருப்பான். “கலையைக் கலையாகப் பார்” என்பார் இன்னொருவர். நாடகத்தை ஆயுதமாக ஏந்திய இயக்கத்தார் இதைச் சொல்லலாமா? ஆண்மை என்ற கற்பிதமே அழிந்தாலன்றிப் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்று 1920-களிலேயே எழுதினார் பெரியார். அந்தக் கட்டுரையை மனப்பாடமாகச் சொல்லுவோர் நம்மிடையே பலர். அவர்கள் வீட்டுச் சமையலறையிலே அது எப்போது வாசிக்கப்படும் என்றுதான் கேட்கிறேன். மோகனைக் கண்டிப்பது எளிது, தோழரே. அவன் பணக்காரன், நம்மவன் அல்லன். ஸ்டான்லி நம்மவன். நம் தெருவிலே இருக்கிறான். நம் கூட்டத்துக்கு நாற்காலி தூக்கிப் போடுகிறான். தலைவரின் பெயரைச் சொன்னால் உயிரைத் தருவான். வீட்டுக்குப் போனதும் சோறு ஆறிப்போயிற்று என்று தட்டை வீசுகிறான். அவன்மேல் நாடகம் எழுத நம்மில் எவருக்குத் துணிவு இருக்கிறது?

உங்கள் ஊர் மன்றம் அடுத்து இரத்தக்கண்ணீரை எடுப்பதாக இருந்தால் எடுக்கட்டும். ஆனால் நோயை நீக்கிவிடுங்கள். மோகன் நலமாக நாற்காலியிலே சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும். சந்திரா பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் எதிரே வந்து நிற்கட்டும். பாலுவை அந்தக் காட்சியிலிருந்து வெளியே அனுப்பிவிடுங்கள். அவள் பேசப்போகும் வசனத்தை உங்கள் மன்றத்துப் பெண்களை எழுதச் சொல்லுங்கள். மன்றத்திலே பெண்களே இல்லை என்றால் நாடகத்தை ஒத்திவைத்துவிட்டு முதலில் அதற்குக் காரணம் தேடுங்கள். ஒத்திகைக்கு முன்னால் இன்னொரு வேலையும் உண்டு: பழைய வசன ஏட்டை விரித்து, மோகனுக்கு எத்தனை பக்கம், சந்திராவுக்கு எத்தனை வரி என்று எண்ணி, அந்த இரண்டு எண்களையும் மன்றத்துக் கரும்பலகையிலே எழுதி வையுங்கள்.